ரேம் விலை ஏறுகிறது: வாங்கலாமா, பொறுக்கலாமா?

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை, கோலாலம்பூர் லோயாட் பிளாசாவில் ஒரு கணினிக் கடையின் முன் நின்றிருந்தேன். விடுமுறையில் கிடங்கு ஒன்றில் வேலை செய்து சேர்த்த 1,650 ரிங்கிட் கையில் இருந்தது. என் விளையாட்டுக் கணினிக்குப் புதிய புராசசரும் ரேமும் வாங்குவதுதான் திட்டம். 16 ஜிபி டிடிஆர்4 ரேம் என்ன விலை என்று கேட்டேன். கடைக்காரர் கணினியைப் பார்த்துவிட்டு, 420 ரிங்கிட் என்றார். சென்ற ஆண்டு நடுவில் இதே ரகத்தை இணையத்தில் 150 ரிங்கிட்டுக்குள் பார்த்த நினைவு எனக்கு இருந்தது. என் முகத்தைப் பார்த்த அவர், “அடிக், இது இன்றைய விலை. நாளை வந்தால் வேறு விலை சொல்வேன்” என்று மலாயில் சொல்லிச் சிரித்தார்.

உடன் வந்த நண்பன் என் தோளைத் தட்டினான். “டேய், இப்பவே வாங்கிடு. அடுத்த மாசம் இன்னும் ஏறும்டா.”

அன்று நான் எதுவும் வாங்காமல் திரும்பிவிட்டேன். ரேம் விலை ஏன் இப்படி ஏறியது, அது என்னைப் போன்ற மாணவனின் முடிவை எப்படி மாற்ற வேண்டும் என்று இரண்டு வாரம் தேடிப் படித்தேன். நீங்களும் கணினியை மேம்படுத்தலாமா, புது மடிக்கணினி வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தால், நான் தெரிந்துகொண்டவை உங்களுக்கும் பயன்படலாம்.

விலையை ஏற்றியது யார்?

கணினி, மடிக்கணினி, திறன்பேசி எல்லாவற்றிலும் இருக்கும் ரேமுக்கு அடிப்படை டிரேம் என்ற சில்லு. உலகில் தயாராகும் டிரேமில் மிகப் பெரும் பகுதியை மூன்றே நிறுவனங்கள் தயாரிக்கின்றன. தென்கொரியாவின் சாம்சுங், எஸ்கே ஹைனிக்ஸ், அமெரிக்காவின் மைக்ரோன் ஆகியவையே அவை. இந்த மூன்றும் எதைத் தயாரிக்க முடிவு செய்கின்றனவோ, அதைப் பொறுத்தே லோயாட் கடையின் விலைப்பட்டியலும் மாறும்.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் பெருகின. அங்குள்ள சில்லுகளுக்கு எச்பிஎம் என்ற தனி வகை நினைவகம் தேவை. சில்லுகளை மாடிவீடு போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் செய்வதுதான் எச்பிஎம். ஒரே கொள்ளளவு கொண்ட நினைவகத்தைச் செய்ய, நம் கணினியில் போடும் டிடிஆர்5ஐ விட எச்பிஎம்முக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு வேஃபர் செலவாகிறது. வேஃபர் என்பது சில்லுகளை வெட்டி எடுக்கும் சிலிக்கான் தட்டு. எச்பிஎம் செய்யப் போகும் ஒவ்வொரு தட்டும் நம் ரேமுக்கு வராத தட்டு.

2025 அக்டோபர் 1ஆம் தேதி, ஓபன்ஏஐ நிறுவனம் தன் ஸ்டார்கேட் திட்டத்துக்காகச் சாம்சுங்குடனும் எஸ்கே ஹைனிக்ஸுடனும் விருப்பக் கடிதங்களில் கையெழுத்திட்டது. மாதம் 9 இலட்சம் வேஃபர் வரை தேவைப்படலாம் என்று அப்போது அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பர் 3ஆம் தேதி, மைக்ரோன் தன் ‘குரூஷியல்’ சில்லறை வணிகத்தை மூடுவதாக அறிவித்தது. சொந்தமாகக் கணினி கட்டும் பலர் நம்பி வாங்கிய முத்திரை அது. வளர்ந்துவரும் தரவு மையச் சந்தையின் பெரிய வாடிக்கையாளர்களைக் கவனிக்க வேண்டியிருக்கிறது என்பதே அந்நிறுவனம் சொன்ன காரணம்.

விளைவு கடைகளில் தெரிந்தது. 2025 நடுப்பகுதியில் ஏறக்குறைய 100 அமெரிக்க டாலருக்குக் கிடைத்த 32 ஜிபி டிடிஆர்5 ரேம், அந்த ஆண்டு முடிவதற்குள் 300 டாலரைத் தாண்டியது. பழைய டிடிஆர்4ஆவது மலிவாக இருக்கும் என்று பார்த்தால், அதன் உற்பத்தியையும் பெரிய நிறுவனங்கள் 2025இல் குறைக்கத் தொடங்கியிருந்தன. எனவே அதுவும் சேர்ந்து ஏறியது.

நம் ஊரில் செய்கிறோம், விலை நம் கையில் இல்லை

இதில் என்னை யோசிக்க வைத்தது ஒன்று உண்டு. இந்தத் தொழில் நமக்கு அந்நியமானது அல்ல. இன்டெல் 1972இல் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையைப் பினாங்கில்தான் திறந்தது. மைக்ரோனுக்குப் பினாங்கு பத்து காவானிலும் ஜொகூர் மூவாரிலும் ஆலைகள் இருக்கின்றன. பக்கத்திலுள்ள சிங்கப்பூரில் எச்பிஎம் சில்லுகளைப் பொதியும் புதிய ஆலைக்கு மைக்ரோன் 2025 ஜனவரியில் அடிக்கல் நாட்டியது. நம் உறவினர்களிலும் அண்டை வீட்டாரிலும் பலர் இத்தகைய ஆலைகளில் வேலை செய்திருக்கிறார்கள்.

நினைவகத்தை விழுங்கும் தரவு மையங்களும் நம் நாட்டில்தான் எழுகின்றன. சிங்கப்பூர் 2019 முதல் புதிய தரவு மையங்களுக்கு அனுமதி தருவதை நிறுத்தி வைத்து, 2022இல்தான் கட்டுப்பாடுகளுடன் மீண்டும் தொடங்கியது. அந்த இடைவெளியில் நிலமும் மின்சாரமும் தண்ணீரும் கிடைத்த ஜொகூரை நோக்கி முதலீடுகள் வந்தன. செடெனாக், கூலாய் பக்கம் சென்றவர்கள் அந்தப் பெரிய கட்டடங்களைப் பார்த்திருப்பீர்கள். அவை வேலை வாய்ப்பையும் தருகின்றன. பொறியியல் படிக்கும் என் வகுப்பு நண்பர்கள் சிலர் தொழிற்பயிற்சிக்கு அங்கு விண்ணப்பித்திருக்கிறார்கள்.

ஆனாலும் நாம் பொதிந்து அனுப்பும் பொருளின் விலை நம் ஊரில் முடிவாவதில்லை. சில்லு ஆலைக்கு அருகில் வசிப்பதற்குக் கழிவு எதுவும் கிடையாது! நேர்மையாகச் சொன்னால், நானும் இந்த விலையேற்றத்துக்கு வெளியே நிற்பவன் அல்லன். இடுபணி எழுதும்போது ஐயம் வந்தால் சாட்ஜிபிடியைத்தான் கேட்கிறேன். நான் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் எங்கோ ஒரு தரவு மையத்தில் நினைவகம் வேலை செய்கிறது.

முதலில் அளந்து பார்த்தேன்

கடையிலிருந்து திரும்பிய பிறகு, என் கணினிக்கு உண்மையிலேயே என்ன தேவை என்று பார்க்க முடிவு செய்தேன். இந்தக் கணினி 2020இல் வந்தது. நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை காலத்தில், நான் மூன்றாம் படிவத்தில் இருந்தபோது, கிள்ளானில் இருக்கும் என் மாமா உதிரிப்பாகங்களை வாங்கி அவரே பொருத்திக் கொடுத்தார். இல்லிருப்புக் கற்றலுக்கு என்றுதான் அம்மாவிடம் சொன்னோம். விளையாடவும் முடியும் என்பதை மாமாவும் நானும் சொல்லவில்லை.

அதில் இருப்பவை: ரைசன் 5 2600 புராசசர், பி450 தாய்ப்பலகை, 8 ஜிபி அளவில் இரண்டு டிடிஆர்4 ரேம், ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் வரைகலை அட்டை. ஆறு ஆண்டுக்கு முந்தைய கணினி. எனவே எல்லாமே பழையது, எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்று நினைத்திருந்தேன்.

விண்டோஸில் உள்ள ‘டாஸ்க் மேனேஜர்’ பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு விளையாடினேன். செலவில்லாத சோதனை இது. சைபர்பங்க் 2077 விளையாட்டில் வரைகலை அட்டை 98 விழுக்காடு வேலை செய்துகொண்டிருந்தது. அதாவது அங்கே முட்டுக்கட்டை வரைகலை அட்டைதான். புது புராசசர் போட்டாலும், ரேமை இரட்டிப்பாக்கினாலும் அந்த விளையாட்டில் எனக்குப் பெரிய மாற்றம் தெரியப் போவதில்லை.

கவுண்டர் ஸ்டிரைக் 2இல் கதை வேறு. வரைகலை அட்டை 60 விழுக்காட்டைத் தாண்டவில்லை. ஆனாலும் காட்சி தடுமாறியது. திரைத் தெளிவைக் குறைத்துப் பார்த்தேன். வேகம் கூடவில்லை. தெளிவைக் குறைத்தால் வரைகலை அட்டையின் சுமைதான் குறையும். அப்படியும் வேகம் கூடவில்லை என்றால், காத்திருக்க வைப்பது பெரும்பாலும் புராசசர் என்று பொருள்.

ரேம்? விளையாட்டு, டிஸ்கார்டு, உலாவி எல்லாம் திறந்திருந்தும் 16 ஜிபியில் 12 ஜிபிதான் பயன்பாட்டில் இருந்தது. நான் 420 ரிங்கிட் கொடுத்து வாங்க நினைத்த பொருள் எனக்குத் தேவைப்படவே இல்லை. 2025 அக்டோபரில் வந்த பேட்டில்ஃபீல்டு 6கூடக் குறைந்தபட்சமாகக் கேட்பது 16 ஜிபிதான்.

இன்னொன்றையும் கண்டுபிடித்தேன். என் ரேமின் மேல் 3200 என்று அச்சாகியிருக்கிறது. டாஸ்க் மேனேஜரோ 2400 என்று காட்டியது. பயாஸ் அமைப்பில் எக்ஸ்எம்பி என்ற ஒரு தெரிவை முடுக்கிவிட்டால்தான் ரேம் தன் முழு வேகத்தில் ஓடும். மாமா அதை மறந்திருக்கிறார். நான் ஆறு ஆண்டாகப் பார்க்கவே இல்லை. மாற்றிவிட்டு மீண்டும் விளையாடியபோது தடுமாற்றம் ஓரளவு குறைந்தது. செலவு ஒரு சென்கூட இல்லை. உங்கள் கணினியிலும் இதை இன்றே பாருங்கள்.

முழுதாக மாற்றுவதா, ஒன்றை மட்டும் மாற்றுவதா?

நண்பன் சொன்ன திட்டம், ஏஎம்5 தாய்ப்பலகைக்கு மாறுவது. ஏஎம்டி 2022 செப்டம்பரில் அறிமுகப்படுத்திய ஏஎம்5, டிடிஆர்5 ரேமை மட்டுமே ஏற்கும். ஆகவே புராசசரை மாற்றினால் பலகையையும் ரேமையும் சேர்த்து மாற்ற வேண்டும். சாதாரண காலத்தில் அது நல்ல யோசனையாக இருந்திருக்கலாம். இப்போது அந்த மூன்றில் ரேம் மட்டுமே என் சேமிப்பின் பெரும் பகுதியைத் தின்றுவிடும்.

மற்றொரு வழி, இருக்கும் பலகையிலேயே புதுத் தலைமுறைப் புராசசரைப் பொருத்துவது. ஏஎம்4 பலகையின் நல்ல குணம் இது. பயாஸைப் புதுப்பித்தால் பெரும்பாலான பி450 பலகைகள் 2022இல் வந்த ரைசன் 5 5600ஐ ஏற்கும். 2600க்கும் 5600க்கும் ஆறு கருக்கள்தாம். எண்ணிக்கையில் வேறுபாடு இல்லை. ஆனால் 5600இன் ஒவ்வொரு கருவும் மிக வேகமானது, விளையாட்டுக்குத் தேவையானதும் அதுதான். பழைய ரேமை அப்படியே வைத்துக்கொள்ளலாம். இன்டெல் பக்கம் இருப்பவர்களுக்கும் ஒரு வழி உண்டு. 12, 13, 14ஆம் தலைமுறைப் புராசசர்களுக்கு டிடிஆர்4 ஏற்கும் பலகைகள் வந்திருக்கின்றன. வாங்கும் முன் பலகை எந்த ரகம் என்று பாருங்கள்.

ஒரு கவனம் மட்டும் தேவை. பழைய புராசசர் பலகையில் இருக்கும்போதே பயாஸைப் புதுப்பிக்க வேண்டும். புதியதைப் பொருத்திவிட்டுப் பார்த்தால் கணினி எழும்பாமல் போகலாம். புதுப்பிக்கும்போது மின்சாரம் துண்டிக்கப்படவும் கூடாது. இடியும் மழையுமாக இருக்கும் மாலையில் அந்த வேலையைத் தொடாதீர்கள்.

“இப்போதே வாங்கு” என்ற அவசரம்

நண்பன் சொன்னதில் உண்மை இல்லை என்று சொல்ல மாட்டேன். நினைவகச் சந்தை ஏறி இறங்கும் சந்தை. 2023இல் தேவை குறைந்து விலை சரிந்தபோது, 2023 ஏப்ரலில் சாம்சுங்கே உற்பத்தியைக் குறைப்பதாக அறிவிக்க வேண்டியிருந்தது. இப்போது அதற்கு நேர்மாறான நிலை. புதிய சில்லு ஆலை ஒன்றைக் கட்டி உற்பத்தியைத் தொடங்க ஆண்டுகள் ஆகும். எனவே மூன்று மாதம் பொறுத்தால் விலை இறங்கிவிடும் என்று நான் உங்களுக்கு வாக்குறுதி தர முடியாது. இன்னும் ஏறக்கூடும்.

ஆனால் விலை ஏறும் என்பது ஒரு பொருளை வாங்கக் காரணம் ஆகாது. எனக்குத் தேவையில்லாத ரேம் நாளை 600 ரிங்கிட் ஆனாலும் எனக்கு நட்டம் ஒன்றும் இல்லை. தேவையில்லாததை 420க்கு வாங்கினால்தான் நட்டம். பள்ளியில் படித்த பொருளியலில் இது வரும். கடையின் முன் நிற்கும்போது மட்டும் மறந்துவிடுகிறது.

கையில் பணம் இல்லாதவர்களுக்கு ‘இப்போது வாங்கு, பிறகு கட்டு’ என்ற வசதி இருக்கிறது. பிடிபிடிஎன் கடன் கணக்கில் ஏறியதும் கை பரபரப்பதும் உண்டு. எனக்கும் பரபரத்தது. அது விடுதி வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் வந்த பணம், அதுவும் திருப்பிக் கட்ட வேண்டிய பணம். படித்து முடித்த பிறகும் மாதந்தோறும் ஒரு ரேமுக்காகக் கடன் அடைப்பதை நினைத்துப் பார்த்தேன்.

உண்மையில் அடி யாருக்கு?

இவ்வளவு கணக்குப் பார்த்த வாரத்தில்தான் வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. எஸ்டிபிஎம் படிக்கும் என் தங்கை. “அண்ணே, லேப்டாப் மறுபடியும் நின்னுடுச்சு. பாதி இடுபணி போச்சு” என்றாள். குரல் தழுதழுத்தது. அவள் மடிக்கணினியில் இருப்பது 4 ஜிபி ரேம். விண்டோஸ் 11 ஓடுவதற்கான குறைந்தபட்ச அளவே 4 ஜிபிதான். இயங்குதளம் ஓடினாலே பெரும்பகுதி நிரம்பிவிடும். அதன்மேல் உலாவியில் நான்கு பக்கம், கூகுள் மீட், எழுதும் கோப்பு என்று திறந்தால் அது நிற்காமல் என்ன செய்யும்?

அப்போதுதான் ஒன்று உறைத்தது. ரேம் விலை என்றதும் நான் விளையாடுபவர்களை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தேன். 16 ஜிபி வைத்துக்கொண்டு 32 கேட்கும் என்னை இந்தத் தட்டுப்பாடு பெரிதாக ஒன்றும் செய்யாது. ஆசை ஓராண்டு தள்ளிப்போகும், அவ்வளவுதான். 4 ஜிபியில் படிக்கும் மாணவிக்கு அது ஒவ்வொரு மாலையும் இழக்கும் நேரம்.

மலிவான கருவிகளில்தான் இந்தச் சுமை அதிகம் அழுத்தும். எட்டாயிரம் ரிங்கிட் மடிக்கணினியின் விலையில் ரேம் ஒரு சிறு பகுதி. ஆயிரத்து ஐந்நூறு ரிங்கிட் மடிக்கணினியில் அது பெரிய பகுதி. நிறுவனங்கள் ஒன்று விலையை ஏற்ற வேண்டும், இல்லையேல் அதே விலைக்குக் குறைந்த ரேமைக் கொடுக்க வேண்டும். பல பள்ளிகளின் கணினிக் கழகங்களில் பயன்படும் ராஸ்பெரி பை சிறுகணினியின் விலையும் 2025 டிசம்பரில் நினைவக விலையைக் காரணம் காட்டி உயர்த்தப்பட்டது. 16 ஜிபி கொண்ட ராஸ்பெரி பை 5, 120 டாலரிலிருந்து 145 டாலரானது. குறைந்த செலவில் மாணவர்கள் கணினியியல் கற்க வேண்டும் என்பதற்காக உருவான கருவி அது.

எனவே இந்தச் செய்தியை விளையாட்டுப் பிரியர்களின் புலம்பல் என்று ஒதுக்கிவிட முடியாது. இணையவழியில் இடுபணி கேட்கும் பள்ளிகளும், மாணவர்களுக்குக் கருவி வாங்கிக் கொடுக்கும் அரசும், நன்கொடையாக மடிக்கணினி வழங்கும் நம் அமைப்புகளும் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும். புதிதாகப் பத்து மடிக்கணினி வாங்கும் பணத்தில், ஏற்கெனவே இருக்கும் பழைய மடிக்கணினிகள் பலவற்றுக்கு ரேம் கூட்டிக் கொடுக்க முடியுமா என்று பார்க்கலாம். விலை ஏறியிருந்தாலும், முழு மடிக்கணினியை விட ஒரு ரேம் மலிவு.

நான் என்ன செய்தேன்?

தங்கையின் மடிக்கணினி மாதிரி எண்ணை இணையத்தில் தேடினேன். சில மெல்லிய மடிக்கணினிகளில் ரேம் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், கூட்ட முடியாது. அவளுடையதில் 4 ஜிபி பலகையோடு இருந்தது, கூடவே ஒரு காலித் துளையும் இருந்தது. பயன்படுத்திய 8 ஜிபி மடிக்கணினி ரேம் ஒன்றை 140 ரிங்கிட்டுக்கு வாங்கினேன். விற்றவர் முன்னிலையிலேயே பொருத்தி, கணினி 12 ஜிபி காட்டுகிறதா என்று பார்த்த பிறகே பணம் கொடுத்தேன்.

பிறகு எனக்கும் ஒன்று வாங்கினேன். பயன்படுத்திய ரைசன் 5 5600, 340 ரிங்கிட். ஞாயிற்றுக்கிழமை காலை, வானம் தெளிவாக இருந்தபோது, மாமா காணொளி அழைப்பில் பார்த்துக்கொண்டிருக்கப் பயாஸைப் புதுப்பித்துப் பொருத்தினேன். எக்ஸ்எம்பி பற்றிச் சொன்னேன். “ஆறு வருஷமா நீ ஏன்டா பார்க்கல?” என்று பழியை என் மேலேயே போட்டார். கவுண்டர் ஸ்டிரைக் இப்போது தடுமாறுவதில்லை. சைபர்பங்க் அப்படியேதான் ஓடுகிறது. அது அப்படித்தான் இருக்கும் என்பதும் முன்பே தெரியும். மீதி 1,170 ரிங்கிட் வங்கியில் இருக்கிறது.

நீங்கள் கடைக்குப் போகும் முன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். என் கணினியில் எது முட்டுக்கட்டை என்று அளந்து பார்த்தேனா? இருக்கும் பலகையிலேயே மாற்ற வழி இருக்கிறதா? இந்தப் பணத்தால் என் வீட்டிலேயே வேறு யாருக்கேனும் இதைவிட அதிகப் பயன் கிடைக்குமா? மூன்றாவது கேள்வியை நான் தாமதமாகத்தான் கேட்டேன்.

தங்கை சென்ற வாரம் தன் இடுபணியை அனுப்பிவிட்டாள். மடிக்கணினி இப்போது நிற்பதில்லையாம். ஆனால் அதில் விளையாட்டு ஏதாவது ஓடுமா என்று கேட்கத் தொடங்கியிருக்கிறாள். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.